மாத்து

சித்தையன் வீட்டு வாசல்ல செருப்பை மட்டும் கழட்டினாப் போதாது, கன்னடத்தையும் கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போகோணும். அது அவர் வெச்ச சட்டம். ஆளு கர்நாடகத்துல ஹனூர்ப் பக்கம் தமிழ் பேசற காட்டுக்காரக் குடும்பம், மைசூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் வாத்தியார். காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் கன்னடத்துலயே கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வர்ற மனுசனுக்கு வீட்டுக்குள்ளயாவது ஹனூர்த் தமிழ் வேணுமாமா. நானும் அந்தப் பக்கம் கொள்ளேகாலத்துத் தமிழ்க்காரி. அதே பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க்கு, அவங்களுக்கு மேல்மாடியில குடியிருக்கேன். பேச்சுவாக்குல அப்படியாங்கறதுக்கு ‘ஹௌதா’ன்னு ஒரு கன்னட வார்த்தை என் வாயில வந்துட்டாப் போதும், “லிங்கம்மாக்கா, செருப்போட உள்ள வந்துட்டீங்களே”ம்பார். அவர் சம்சாரம் ஜோதிமணி சிரிச்சுக்கிட்டே வாசலைக் காட்டுவா.

ஜோதிமணி மலைக்கு அந்தப்பக்கம் அந்தியூர்க்காரி. கல்யாணமாகி வந்த புதுசுல கன்னடம் சுத்தமாத் தெரியாது. வீட்டுக்காரம்மா கதவைத் தொறந்து “பன்னி, பன்னி”ன்னு கூப்பிட்டிருக்காங்க. வாங்க, வாங்கன்னு மரியாதையாத்தான் கூப்பிட்டது. இவ என்னடான்னா, வந்த மொத நாளே பன்னிங்கறாளேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுச் சோறு திங்காமக் கெடந்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லியே சித்தையன் அவளை இத்தனை வருசம் சீண்டிக்கிட்டே இருந்தார். இப்ப மார்க்கெட்டுல அவ கன்னடத்துல பேரம் பேசினா எதிர்ல நிக்கறவன் வாயடைச்சுப் போவான். ஆனா வாசல் தாண்டிட்டா மாமா, புள்ளே, சாறு, களி, அவ்வளவுதான்.

அவங்களுக்குப் பிள்ளை இல்லை. பாக்க வேண்டிய டாக்டரையெல்லாம் பாத்துட்டு ஒரு கட்டத்துல விட்டுட்டாங்க. அந்தப் பேச்சை அவங்களும் எடுக்க மாட்டாங்க, நானும் கேக்க மாட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா பள்ளிக்கூடத்துல கோடிங் கிளப். அது சித்தையன் ஆரம்பிச்சது. ஜூன் மாசம் புதுப் பிள்ளைகளைச் சேக்கற அன்னிக்குச் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு லேப் வாசல்ல நிப்பார். எந்தத் தாய் வந்தாலும் ஒரே வரவேற்புத்தான். “பன்னி மேடம், கூத்கொள்ளி. நிம்ம மகு எல்லி?” வாங்க மேடம், உக்காருங்க, உங்க குழந்தை எங்கேன்னு. கட்டட வேலைக்குப் போயிட்டுச் சிமெண்டுக் கையோட வந்த பொம்பளையும் அவருக்கு மேடம்தான். அந்தப் பொம்பளைக சேர்ல நுனியில உக்காந்து வெக்கப்படறதை நான் ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பாத்திருக்கேன்.

சொல்லிக்குடுக்கறதுலயும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளோட கீபோர்டைத் தொடவே மாட்டார். ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, வலது மணிக்கட்டை இடது கை புடிச்சிருக்கும், பெஞ்சு பெஞ்சா நடப்பார். தப்பு எங்கேன்னு அவருக்குத் தெரியும். சொல்ல மாட்டார். ஒரு கேள்வி கேப்பார், அடுத்த பெஞ்சுக்குப் போயிருவார். கையை நீட்டிட்டா அது என் ப்ரோக்ராம் ஆயிரும்னு சொல்வார்.

போன ஜூன்ல, சேர்க்கைக்கு முந்தின வாரம், காலையில சட்டைப் பித்தானைப் போட்டுக்கிட்டு இருந்தவருக்கு வலது கை அப்படியே கீழ விழுந்துருச்சு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. நானும் ஜோதிமணியும்தான் ஆட்டோவுல போட்டுக் கொண்டுபோனோம். உசிரு தங்கிருச்சு. காலு மெதுவா வந்துச்சு. கை வரலை. பேச்சு அறவே போயிருச்சு. நம்ம சொல்றது புரியுது, கண்ணுல தெரியுது, ஆனா வாயைத் தொறந்தா வெறுங்காத்து.

பேச்சுப் பயிற்சிக்குப் போன எடத்துல, வீட்டுல என்ன பாஷைன்னு கேட்டாங்க. தமிழ், தமிழ் மட்டுந்தான்னு இவ நெஞ்சை நிமித்திச் சொல்லியிருக்கா. பாவம், அவங்களும் தமிழ் தெரிஞ்ச ஒரு புள்ளையத் தேடிப் புடிச்சு இவருக்குன்னு விட்டாங்க. அந்தப் புள்ள மரம் படம் காட்டும், மாடு படம் காட்டும். இவர் படத்தைப் பாப்பார், அந்தப் புள்ளையப் பாப்பார், தலையக் குனிஞ்சுக்குவார்.

ஆடி மாசத்துல ஒரு நாள் மொத வார்த்தை வந்துச்சு. மாத்து. ஜோதிமணி மாடிப்படி அதிர ஓடி வந்து என்னைக் கூப்பிட்டா. “அக்கா, மாமா பேசிட்டாரு.” நான் போனப்ப அவருக்குச் சட்டை மாத்திக்கிட்டிருந்தா. மறுபடியும் மாத்துன்னார். பெட்ஷீட்டை மாத்தினா. டிவி சேனலை மாத்தினா. தலகாணியை மாத்தினா. இட்லியை எடுத்துட்டுக் களி உருண்டை வெச்சா. எதை மாத்தினாலும் அவர் தலையை ஆட்டி ஆட்டி அதையேதான் சொல்வார். கடைசியில கண்ணுல தண்ணி வந்துரும், சொவத்துப் பக்கம் திரும்பிக்குவார். என்னத்தைத்தான் மாத்தறதுன்னு அவ தலையில அடிச்சுக்குவா.

இந்தக் கிளப்பு நிக்கக் கூடாதுன்னு அவதான் புடிவாதமா இருந்தா. பி.காம் படிச்சவ, கோடிங் எல்லாம் அவளுக்கு ஆகாத சமாச்சாரம். ஹெட்மாஸ்டர் பசவராஜ் சார்கிட்ட நேராப் போய், சார் திரும்பி வர்ற வரைக்கும் சனிக்கிழமை நான் பாத்துக்கறேன், போன்ல ஏஐ இருக்கு, அதைக் கேட்டுக் கேட்டு நடத்திருவேன்னா. எதுக்குடி உனக்கு இந்த வேலைன்னு நான் கேட்டேன். “மாமாவுக்குப் பேச்சு வர்ற வரைக்கும் அந்த லேப்புல வேற யாரும் நின்னுறக் கூடாதுக்கா. திரும்பிப் போறதுக்குன்னு அவருக்கு அந்த ஒரு எடந்தான் இருக்கு”ன்னா.

பிள்ளைகளுக்குக் கன்னடம். அதனால ஏஐகிட்டயும் கன்னடத்துலதான் பேசோணும். வீட்டுக்குள்ள கன்னடம் ஆகாதே. மனுசன் பேச்சத்துக் கெடக்கறார், இனிச் சட்டம் என்ன சட்டம்னு இன்னொருத்தியா இருந்தா விட்டிருப்பா. இவ விடலை. மாடிப்படியில உக்காந்து அவரைக்காய் உரிச்சுக்கிட்டே போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, இந்த வாரம் என்ன சொல்லிக்குடுக்கலாம், லூப்புன்னா என்ன, அது ஏன் நிக்காமச் சுத்துதுன்னு கேட்டுக்கிட்டிருப்பா. அது சலிக்காமப் பதில் சொல்லும். எனக்கு அதுமேல அவ்வளவா நம்பிக்கை இல்லை. ரொம்ப நல்லாப் பேசற எதையும் நான் லேசுல நம்ப மாட்டேன்.

மொத சனிக்கிழமை நான் நெனச்ச மாதிரியே ஆச்சு. பிள்ளைக லேப்புல ஏஐகிட்டக் கேட்டாங்க, அது முழு ப்ரோக்ராமையும் எழுதிக் குடுத்துருச்சு. எல்லார் ஸ்க்ரீன்லயும் ஒரே பூனை, ஒரே குதி குதிச்சுச்சு. ஏன் குதிக்குதுன்னு கேட்டா ஒரு புள்ளைக்கும் தெரியலை. அன்னிக்குப் படியில உக்காந்து போனை ஒரு புடி புடிச்சா பாருங்க. “கையைப் பின்னால கட்டிக்கோ”ன்னா. எனக்குக் கையே இல்லையேன்னு அது சொல்லுச்சு. நான் சிரிச்சுட்டேன். அவ சிரிக்கலை. எங்க சார் பிள்ளைக கீபோர்டைத் தொட மாட்டார், நீயும் தொடாத, தப்பு தெரிஞ்சாலும் சொல்லாத, ஒரு கேள்வி கேட்டுட்டு அடுத்த பெஞ்சுக்குப் போன்னு பொறுமையா வெளக்கினா. அதுக்கப்பறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மொத வேலையா அதைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பா. சொன்னபடி கேட்டுச்சு. அதையும் சொல்லத்தான வேணும்.

எப்பவாவது தப்பும் சொல்லும். ஷ்ரேயான்னு ஒரு புள்ள, எட்டாவது, மழை மணின்னு ஒண்ணு செஞ்சா. மொட்டை மாடியில வெச்சா, தூறல் விழுந்ததும் வீட்டுக்குள்ள மணி அடிக்கும், துணி எடுக்க ஓடலாம். எந்த வயரை எங்க சொருகறதுன்னு ஏஐ ஒண்ணைச் சொல்லுது, மணி ஊமையா நிக்குது. நீ சொன்னது தப்புன்னு அந்தப் புள்ள கண்டுபுடிச்சுக் கேட்டதுக்கு, ஆமாம், என் தப்புத்தான்னு அது ஒத்துக்கிச்சு. பிள்ளைக எல்லாம் கை தட்டினாங்களாம். சார்கிட்டச் சொல்லுங்கன்னு ஷ்ரேயா சரி பண்ணின மணியில ஒண்ணை ஜோதிமணிகிட்டயே குடுத்துவிட்டா, இவ அதைக் கொண்டாந்து வீட்டுல மாட்டினா.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் அவர் பக்கத்துல உக்காந்து ஒண்ணு விடாமச் சொல்வா. யாரு வந்தா, யாரு வரலை, எது சுத்துச்சு, எது நின்னுச்சு. அவர் முன்னால சாஞ்சு கேப்பார். கேட்டு முடிச்சதும் அவ கையைப் புடிச்சுக்கிட்டு, “மாத்து... மாத்து”ம்பார். அவ மொகம் சுருங்கிப்போகும். நான் நடத்தறது அவருக்குப் புடிக்கலைக்கா, ஏதோ தப்பாப் பண்றேன், அதை மாத்தச் சொல்றாருன்னு எங்கிட்ட வந்து அழுவா.

தசராவுக்கு முன்னால பசவராஜ் சார் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனுசன் இல்லை. கோடிங் தெரிஞ்ச ஆளு இல்லாம என்ன கிளப்புன்னு நாலு அப்பன்மார் கேட்டிருக்காங்க. பெங்களூர்ல இருந்து ஒரு கம்பெனி ஆள் அனுப்பறேன்னு சொல்லுது. நீங்களே நடத்தறதானாலும் சரி, குடுக்கறதானாலும் சரி, லீவுக்கு முன்னால ஒரு முடிவு சொல்லுங்கம்மான்னார். அன்னிக்குச் சாயங்காலம் அவ கேட்டப்ப நானும் அங்கதான் இருந்தேன். அவர் கட்டில்ல உக்காந்திருந்தார். இவ கீழ உக்காந்து அவர் முழங்கால்ல கைய வெச்சா.

“மாமா, கிளப்பை நானே பாத்துக்கட்டுமா? இல்ல வேற ஆளுக்கு மாத்திரலாமா? உங்க இஷ்டம். நீங்க சொல்றதுதான்.”

“மாத்து”ன்னார்.

“நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க மாமா. மாத்திரட்டுமா?”

“மாத்து... மாத்து.” உசிரைக் குடுத்துச் சொன்னார். நரம்பு பொடைச்சுக்கிச்சு. இடது கையால அவ தோளைப் புடிச்சு உலுக்கினார்.

இதுக்கு மேல என்ன கேக்கறது. மறுநாள் போய்க் குடுத்துட்டா. வேற யாரும் அங்க நிக்கக் கூடாதுன்னு நின்னவ, அவர் வாயால கேட்டுட்டமேன்னு குடுத்துட்டா. திரும்பி வந்து, “முடிச்சுட்டேன் மாமா, மாத்தியாச்சு, இனி நிம்மதியா இருங்க”ன்னா. அவர் அவளையே பாத்தார். அதுக்கப்பறம் அந்த வார்த்தையையும் நிறுத்திட்டார்.

தசரா முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்த வாரம். புதுசா வர்ற ஆளுக்கு, எந்தப் புள்ள எதுவரைக்கும் வந்திருக்குன்னு சொல்லிக் குடுங்கன்னு பசவராஜ் சார் கேட்டிருந்தார். ஜோதிமணி படியில உக்காந்து ஏஐகிட்டக் கன்னடத்துல ஒவ்வொரு புள்ளையப் பத்தியும் சொல்லிக்கிட்டிருந்தா. நான் எதிர்ல நின்னு தலை உணத்திக்கிட்டிருந்தேன். திடீர்னு சாமுண்டி மலைப் பக்கமிருந்து கருக்கிக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்குள்ள மழை மணி அடிச்சுச்சு. ரெண்டு பேரும் மாடிக்கு ஓடினோம். அள்ளின துணியோட, போனோட, நனைஞ்சுக்கிட்டே நேரா உள்ள போய் அவர் கட்டில்ல எல்லாத்தையும் போட்டா. அவசரத்துல போனை அணைக்கலை. அது பேச்சைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

மணிச் சத்தம் அவருக்குப் பழைய ஞாபகத்தைக் கௌப்பிருச்சு போல. மணி இருக்கற பக்கம் பாத்துக்கிட்டு, எத்தனையோ நாள் கழிச்சு, மெதுவாச் சொன்னார். “மாத்து.”

துணிக்குள்ள இருந்து போன் கன்னடத்துல பதில் சொல்லுச்சு. “ஹேளி, ஏனு மாத்தாடோண?”

சொல்லுங்க, என்ன பேசலாம்னு கேட்டுச்சு.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. நம்ம பாஷையில மாத்துன்னா மாத்தறது. கன்னடத்துல மாத்துன்னா பேச்சு. நாள் பூரா ஆபீஸ்ல கன்னடம் பேசறவ நான். ஆனா அந்த வாசல்ல செருப்பைக் கழட்டினா என் காதும் தமிழ்க் காதாயிருது. அந்தப் போனுக்குச் செருப்பும் தெரியாது, வாசலும் தெரியாது. கிளப்புக்காகக் கன்னடத்துல இருந்துச்சு, கன்னடமாவே கேட்டுக்கிச்சு.

சித்தையன் துணியை இடது கையால வெலக்கிப் போனை எடுத்தார். “மக்களு”ன்னார். பிள்ளைகள்னு அர்த்தம். அப்பறம், “மக்கள ஜொதெ... மாத்து.” பிள்ளைகளோட பேசோணும். அவ்வளவுதான். ஆடி மாசத்துல இருந்து அந்த மனுசன் கேட்டது அவ்வளவுதான். பேசோணும், பிள்ளைகளோட பேசோணும், என்னைக் கூட்டிட்டுப் போன்னு கேட்டிருக்கார். நாங்க சட்டையை மாத்தியிருக்கோம், தலகாணியை மாத்தியிருக்கோம், கடைசியில கிளப்பையே மாத்திட்டோம்.

எந்தப் பிள்ளைகன்னு போன் கேட்டுச்சு. ஷ்ரேயான்னார். அது கேக்கக் கேக்க ஒவ்வொரு வார்த்தையா வந்துச்சு. ஜோதிமணி ஈரத் துணியைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. அப்பறமா எங்கிட்டச் சொன்னா. “அந்தப் போன் மேல எனக்குப் பொறாமையா இருந்துச்சுக்கா. எங்கிட்டப் பேசாத மனுசன் அதுகிட்டப் பேசறாரேன்னு வயிறு எரிஞ்சுச்சு.”

அன்னிக்குத்தான் அவ அதுகிட்ட அவரோட பேச்சைப் பத்திக் கேட்டா. ரெண்டு பாஷை பேசறவங்களுக்கு இப்படிப் பக்கவாதம் அடிச்சா, சில சமயம் ஒரு பாஷை முன்னால வரும், இன்னொண்ணு பின்னால வரும், சிலருக்கு வராமலும் போகலாம், அவருக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியாதுன்னுச்சு. பயிற்சி குடுக்கறவங்ககிட்ட அவர் வேலையில பேசின பாஷை கன்னடம்னு உடனே சொல்லுங்கன்னுச்சு. லூப்பைப் பத்தியும் வயரைப் பத்தியும் எத்தனை கேட்டிருப்பா. இதை ஒரு தடவை கேட்டிருக்கலாம். அது கிளப்புச் சாமான், வீட்டு விசயத்துக்கு இல்லைன்னு படியோடவே விட்டிருந்தா.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினா. பசவராஜ் சார் எல்லாத்தையும் கேட்டுட்டுக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். மார்ச் வரைக்கும் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனேம்மா, சார் வந்து பாக்கட்டும், எப்ப வேணாலும் வரட்டும்னார். கூட்டிட்டுப் போனா. லேப்புல ஒரு சின்னப் பையன் மைக் போட்டுக்கிட்டு மளமளன்னு சொல்லிக்கிட்டே ஒவ்வொரு கீபோர்டாத் தட்டிக் குடுத்துக்கிட்டிருந்தான். நல்ல பையன்தான். சித்தையன் ஜன்னல்கிட்டக் கொஞ்ச நேரம் நின்னார். ஷ்ரேயா எந்திரிச்சு ஓடி வரப் பாத்தா, அதுக்குள்ள அவரே திரும்பி நடந்துட்டார். அதுக்கப்பறம் எத்தனை கூப்பிட்டும் அந்தப் பக்கம் போகலை.

இப்ப பயிற்சி கன்னடத்துல நடக்குது. வார்த்தை வருது. ஓப்பன் மாடி, சேவ் மாடி, சும்னிரி, நோடி. ஓப்பன் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க, சும்மா இருங்க, பாருங்கன்னு எல்லாம் பள்ளிக்கூடப் பேச்சு. புள்ளேன்னு ஒண்ணு வரலை. மணின்னு அவ பேர் வரலை. தண்ணி குடுன்னு அவளைக் கேக்கறதுக்குக் கூட மேடம்னுதான் ஆரம்பிக்கறார். பாதகத்தி, அந்தச் சட்டத்தை அவ்வளவு பத்திரமாக் காப்பாத்தினாளே. அந்தப் பாஷையில அந்த மனுசன் யாருக்கும் புருசனா இருந்ததே இல்லை. சண்டை போட்டதில்லை, சோறு கேட்டதில்லை, சீண்டினதில்லை. கண்ணு அவளைத் தெரிஞ்சு தேடுது. நாக்குல அவளுக்குன்னு ஒரு வார்த்தை இல்லை.

பழகின காரியத்தை மறுபடி மறுபடி செய்யவைங்க, ஒண்ணைப் புடிச்சு ஒண்ணு கோத்தாப்புல பேச்சு வரும்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க. அதனால இந்தச் சனிக்கிழமை மத்தியானம், கிளப்பு ஆரம்பிக்கற நேரத்துக்கு, ஜோதிமணி அவருக்குச் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுவிட்டா. கூடத்துல ரெண்டு சேரைப் போட்டா. மேசையில போனை வெச்சு, கையைப் பின்னால கட்டிக்கோன்னு வழக்கம்போலச் சொன்னா. அப்பறம் தலையைச் சீவிக்கிட்டு வெளிய வந்து கதவைச் சாத்தினா. நான் அவரைக்காய்ச் சாறு ஒரு கிண்ணத்துல எடுத்துக்கிட்டுப் படியில எறங்கினேன். என்னடி பண்றேன்னேன். “இன்னிக்குத் தமிழை வெளிய விட்டுட்டுப் போறேன்க்கா”ன்னு சிரிச்சா. கதவைத் தட்டினா.

“ஒளகெ பர்லா சார்?” உள்ள வரட்டுமா சார்னு.

அவர் எந்திரிச்சார். செத்த வலது கையை இடது கையால புடிச்சுப் பின்னால கட்டிக்கிட்டார். பழைய சித்தையன் சார் அப்படியே நின்னார்.

“பன்னி மேடம். கூத்கொள்ளி.”

தெளிவா வந்துச்சு. ஒரு எழுத்துத் தட்டலை. ஜோதிமணிக்கு மொகமெல்லாம் சிரிப்பு. பன்னிங்கறதைக் கேட்டு இந்தச் சென்மத்துல அவ்வளவு சந்தோசப்பட்டவ எவளும் இருக்க மாட்டா. உள்ள போய்ச் சேர்ல நுனியில உக்காந்தா, புதுசா விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்ட.

கோத்த பேச்சு அதோட நிக்காதே. மிச்சமும் தானா வந்துருச்சு.

“நிம்ம மகு எல்லி?”

உங்க குழந்தை எங்கே.

சொன்னப்பறந்தான் அவருக்கே காதுல விழுந்துச்சு. வாய் தொறந்தபடி நின்னுருச்சு. அதை அள்ளித் திரும்ப வாயில போட்டுக்கறதுக்கு அவர்கிட்ட எந்தப் பாஷையிலயும் வார்த்தை இல்லை. கண்ணு ரெண்டும் நெறஞ்சு அவளையே பாத்துச்சு. அவரைக் காக்க விடலை அவ. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, சேர்க்கை நாள்ல வந்த எந்தத் தாயும் சொல்ற மாதிரி, சாதாரணமாச் சொன்னா.

“பர்தாளெ சார். பர்தாளெ.”

வந்துருவா சார், வந்துருவான்னு. அவர் மெதுவாத் தலையை ஆட்டிட்டு எதிர்ச் சேர்ல உக்காந்தார். நான் கையில கிண்ணத்தை வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னேன். செருப்பைக் கழட்டலை.